மாடத்துக்கு அளவெடுத்த விளக்கு

பூச்சிக்குளத்தில் முட்டாள்கள் யாரும் கிடையாது. இதை நான் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்களே கூட்டம் போட்டு, "இங்கே முட்டாள் யாராவது இருந்தால் கை தூக்குங்க" என்று கேட்டு, ஒருவரும் தூக்காததால் ஒருமனதாக எடுத்த முடிவு. பக்கத்து ஊர்க்காரர்கள் ஆயிரம் பேசுவார்கள். பேசுகிற வாயை யாரால் மூட முடியும்?

அந்த ஊரில் வெயிலுமுத்து, ஊய்க்காட்டான், சுடலைக்கண்ணு என்று அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. கைவேலையிலும் கெட்டிக்காரர்கள். மண்ணைக் கொடுத்தால் அடுப்புப் போடுவார்கள், மூங்கிலைக் கொடுத்தால் கூடை முடைவார்கள். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள், அவர்களால் வந்த வினை எல்லாம் அந்தக் குணத்தால் வந்ததுதான்.

மூவருக்கும் ஒரே தங்கை, முப்பிடாதி. கரிசலூரில் வாக்கப்பட்டிருந்தாள். அண்ணன்மார் அவள்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். அவளும் அப்படித்தான். ஆனால் அவர்கள் சீர் கொண்டு வருகிறார்கள் என்றால் முந்தின நாளே அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

காரணம் இல்லாமல் இல்லை. முதல் பொங்கலுக்கு, "கரும்ப ஒடிக்காம முழுசாக் கொண்டாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கொண்டு வந்தார்கள். ஒரு கட்டுக் கரும்பை மூவரும் வரிசையாகத் தோளில் சுமந்துகொண்டு கரிசலூர் வரைக்கும் நடந்தே வந்தார்கள். அவள் வீட்டுத் தெரு ஒடுக்கமான தெரு. முனையில் கரும்பு திரும்பவில்லை. திரும்ப வேண்டுமானால் ஒடிக்க வேண்டும், ஒடிக்கவோ கூடாது. ஆகவே முனையிலேயே நின்றார்கள். மாட்டுப் பொங்கலும் முடிந்து மாடுகள் மேய்ச்சலுக்குப் போகும்போதும் அங்கேதான் நின்றார்கள்.

அன்றிலிருந்து மாமியார் ஆவுடையம்மாள் வாயில் முப்பிடாதியின் பிறந்த வீடு அவலாகிவிட்டது. காப்பி குடிக்கும்போது கொஞ்சம் மெல்லுவாள், வெற்றிலை போடும்போது கொஞ்சம் மெல்லுவாள். முப்பிடாதி தலையைக் குனிந்துகொண்டு பாத்திரம் துலக்குவாள்.

இந்த நிலையில்தான் அவள் புருஷன் வேலாண்டி புது வீடு கட்டி முடிக்கிற தறுவாயில் இருந்தான். பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. அந்தக் குடும்பத்து வழக்கப்படி, மருமகளின் பிறந்த வீட்டிலிருந்து வருகிற விளக்குதான் புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டும். அன்றைக்கு அதற்கு முன்னால் ஒரு மனுஷக் கால் உள்ளே படக் கூடாது.

ஆவுடையம்மாள் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள். "ஏளா, ஒங்க அண்ணன்மாருக்கு ஒரு விளக்க ஒழுங்காக் கொண்டாந்து உள்ள வைக்கத் துப்பு இருக்கான்னு பாக்கேன். அன்னைக்கும் ஏதாவது கோணங்கித்தனம் பண்ணினாங்கன்னா, எம்மவ வீட்டு வெங்கல விளக்குதான் அந்த மாடத்துல இருக்கும். பொறந்த வீட்டுப் பேச்சையே நீ எடுக்கப் படாது, ஆமா."

முப்பிடாதி அழுதுகொண்டே பூச்சிக்குளத்துக்கு வந்தாள். அண்ணன்மாரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"எண்ணே, நல்லாக் கேட்டுக்கிடுங்க. கூடத்துல வாசலுக்கு நேரா, பின்சுவத்துல ஒரு மாடம் இருக்கு. அதுக்கு அளவா ஒரு சின்ன விளக்கு வேணும். அழகுக்கு ஒரு மயில் வச்சிருந்தா நல்லது. அன்னைக்கு விளக்குதான் முதல்ல உள்ள போகணும். அது போன வழியாவே, அது பின்னாடியே நீங்க வரணும். விளக்க முந்தக் கூடாது. சித்தப்பா வீட்டு விசேஷத்துல பாயச வாசனையப் பிடிச்சுக்கிட்டுப் புறவாசல் வழியா நுழைஞ்சீங்களே, அது மாதிரி வேற வழியா வந்திராதீங்க. நான் சொன்னத மட்டும் செய்யுங்க."

தங்கச்சி அழுது வெயிலுமுத்து பார்த்ததே இல்லை. "நீ போம்மா. சொன்னதுக்கு ஒரு நூலு கூடவும் மாட்டோம், ஒரு நூலு குறையவும் மாட்டோம்" என்றான். பாவம், அதைக் கேட்டு அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

அவள் போனதும் மூவரும் கூடிப் பேசினார்கள். இத்தனை விஷயத்தை ஒரு மண்டையில் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆகவே ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மாடத்துக்கு அளவாக இருக்க வேண்டும் என்பது ஊய்க்காட்டான் பொறுப்பு. அழகும் மயிலும் சுடலைக்கண்ணு பொறுப்பு. விளக்கு முதலில் போக வேண்டும், யாரும் முந்தக் கூடாது, அது போன வழியாகவே போக வேண்டும் என்கிற கனத்த பொறுப்பை மூத்தவன் என்கிற முறையில் வெயிலுமுத்து ஏற்றுக்கொண்டான்.

முதலில் டவுனுக்குப் போய்ப் பாத்திரக் கடையில் கேட்டார்கள். கடைக்காரர் நல்ல மனுஷர். அன்னம் வைத்தது, மயில் வைத்தது, சங்கிலியில் தொங்குவது என்று பலகை நிறைய எடுத்து வைத்தார். சுடலைக்கண்ணு எதிலும் திருப்திப்படாமல் உதட்டைப் பிதுக்கினான்.

"இப்பிடிப் பட்டப்பகல்ல பாத்தா என்ன தெரியும்? விளக்கோட அழக இருட்டுலதான் பாக்கணும்" என்றார் கடைக்காரர்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். பிறகு ஒரே நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள்.

"என்னடே, அழகா இருக்கா?" என்று கேட்டான் வெயிலுமுத்து.

"எனக்குக் கறுப்பாத் தெரியுதுண்ணே" என்றான் சுடலைக்கண்ணு.

"எனக்கும் கறுப்புத்தான். விசேஷ வீட்டுக்குக் கறுப்பு ஆகாது. அண்ணாச்சி, அடுத்ததக் காட்டுங்க."

கடைக்காரர் அடுத்ததை வைத்தார். அதுவும் கறுப்பாக இருந்தது. கடையில் இருந்த விளக்கு எல்லாமே கறுப்பாக இருந்ததில் சுடலைக்கண்ணுவுக்குக் கோபமே வந்துவிட்டது. "வேற நெறமே வாங்கிப் போட மாட்டீங்களா?" என்று கேட்டான்.

கடைக்காரர் அப்போதும் பொறுமை இழக்கவில்லை. அவர்களைப் பின்பக்கம் இருட்டுச் சரக்கறைக்குள் அழைத்துப்போய், ஒரு மயில் விளக்கை நடுவில் வைத்துத் திரியைக் கொளுத்தத் தீக்குச்சியை உரசினார். வெயிலுமுத்து பாய்ந்து வந்து ஊதி அணைத்தான்.

"என்ன வேய் இது?" என்றார் கடைக்காரர்.

"ஏத்தினா இருட்டுப் போயிருமே. அப்புறம் எதுல வச்சுப் பாக்க?"

கடைக்காரர் தழுதழுத்த குரலில் சொன்னார். "அண்ணாச்சி, ஒங்களுக்கு ஏத்த விளக்க இன்னும் எவனும் செய்யல. போயி நீங்களே செஞ்சுக்கிடுங்க."

எவ்வளவு பெருந்தன்மையான வியாபாரி, வந்த வாடிக்கையாளர் கெடக் கூடாது என்று உண்மையைச் சொல்லிவிட்டாரே என்று வழியெல்லாம் அவரைப் புகழ்ந்துகொண்டே வந்தார்கள்.

செய்வதென்றால் அளவு வேண்டும். புது வீட்டில் கொத்தனார்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஊய்க்காட்டான் போய் மாடத்தை நூல் வைத்து அளந்தான். அளந்த நூலை மடியில் முடிந்துகொண்டு வந்து அவிழ்த்துப் பார்த்தால், அது சுருண்டு ஒரு சுண்டைக்காய் அளவில் கிடந்தது.

"எண்ணே, நான் வாரதுக்குள்ள மாடம் சின்னதாப் போயிட்டு" என்றான் பதறிப்போய்.

"வீடு புதுசுல்லா. காயக் காயச் சுருங்கத்தான் செய்யும்" என்றான் வெயிலுமுத்து. ஆனாலும் அவன் மனசு கேட்கவில்லை. மூவருமாகத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். மாடம் பழைய அளவிலேயே இருந்தது. நூலை நம்பினால் குடி முழுகிப்போகும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஊய்க்காட்டான் யோசித்தான். அவன் யோசிப்பது அபூர்வம், யோசித்தால் அதற்கு மறுபேச்சுக் கிடையாது. "மாடத்துக்குள்ள களிமண்ண அப்பி நெறப்புவோம். அப்பிடியே உருவி எடுப்போம். அதுதான மாடத்தோட அளவு? அதையே விளக்காச் செஞ்சிருவோம்" என்றான்.

வெயிலுமுத்து தம்பியைக் கட்டிக்கொண்டான். மாடத்தின் உள்பக்கம் சாம்பல் தூவி, குளத்துக் களிமண்ணை மூலை முடுக்கெல்லாம் நிறைய அப்பி, மேலே வழித்து மட்டமாக்கி, கொஞ்சம் இறுகியதும் பையப் பைய உருவி எடுத்தார்கள். மாடத்தை அப்படியே எடுத்து வெளியே வைத்த மாதிரி ஒரு மண்கட்டி கிடைத்தது. முழ உயரம் இருக்கும். ஒரு மயிர்க்கால் கூடுதல் குறைவு கிடையாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து நிழலில் காயவைத்தார்கள். காய்ந்ததும் மண்கட்டி கொஞ்சம் இளைத்துவிட்டது. மண் என்றால் காயும்போது சுருங்கும், இது மூவருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் தங்கச்சிக்குச் செய்கிற விளக்கும் அப்படிச் செய்யும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

"வீட்ட விட்டு வந்த ஏக்கம்" என்றான் சுடலைக்கண்ணு.

அதற்கு எண்ணெய் தடவினார்கள். வடித்த கஞ்சி ஊற்றினார்கள். சதை போடவில்லை. கடைசியில் வெயிலுமுத்துதான், இளைத்த அளவுக்கு மேலே மண் பூசி, பூசினது காய்ந்தால் அதற்கு மேலே பூசி, பழைய உடம்புக்குக் கொண்டுவந்தான்.

அடுத்து, திரி எங்கே வைப்பது என்று கேள்வி வந்தது. மேலே வைத்தால் மாடத்தின் கூரை தட்டும். பக்கத்தில் வைத்தால் சுவர் தட்டும். முன்பக்கத்தைத்தான் குடைய வேண்டும். ஊய்க்காட்டான் குறுக்கே விழுந்து மறித்தான்.

"கொடைஞ்சா அளவு கொறையும்லா?"

"உள்ளதானடே கொடையுதோம். வெளி அளவு அப்பிடியேதான இருக்கும்?"

"உள்ள கொறைஞ்சாலும் கொறை கொறைதாம்ணே."

நியாயமான பேச்சுதான். குடைந்தெடுத்த மண்ணைக் கொட்டிவிடாமல் ஒரு மஞ்சள் பையில் போட்டு விளக்கோடு கூடவே கொண்டுபோவது, யாராவது அளவு குறைகிறதே என்று கேட்டால் பையைக் காட்டுவது என்று சமாதானம் ஆனார்கள். முன்பக்கத்தில் அழகான ஒரு குகை வந்தது. உள்ளே எண்ணெய்க்குக் குழி, திரிக்கு ஒரு மூக்கு. மாடத்துக்குள் ஒரு விளக்கு, விளக்குக்குள் ஒரு மாடம்.

மயில் பாக்கி. சுடலைக்கண்ணு ஒரு மயிலைச் செய்து முடித்தான். பார்த்தவர்கள் கோழி நல்லா வந்திருக்கு என்றார்கள். அவன் கொண்டையைக் கொஞ்சம் நிமிர்த்திவிட்டான். பார்த்தவர்கள் சேவல் நல்லா வந்திருக்கு என்றார்கள். அதோடு விட்டுவிட்டான். ஆனால் அதை எங்கே ஒட்டுவது?

"முன்னாடி வச்சா தோகையில தீப்பிடிக்கும்" என்றான் வெயிலுமுத்து.

"மேல வைக்கவோ எடமில்ல. கீழ வச்சா நசுங்கிச் செத்துப்போகும்" என்றான் ஊய்க்காட்டான்.

"பின்னாடி வச்சிருவோம். எம்மயிலு கூச்ச சுபாவம். கூட்டத்தப் பாக்காம இருந்தாத்தான் அதுக்கும் நிம்மதி" என்றான் சுடலைக்கண்ணு.

அப்படியே முதுகுப் பக்கத்தில் மயிலை ஒட்டி, வரட்டி அடுக்கிச் சுட்டு எடுத்தார்கள். செக்கச் செவேல் என்று வந்தது. வெயிலுமுத்துவுக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. தூக்கிப் பார்த்தபோதுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

"டே, சின்ன விளக்குன்னுல்லா தங்கச்சி சொன்னா? இது சின்னதா, பெருசா?"

மூவரும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். தீப்பெட்டி பக்கத்தில் வைத்தபோது பெரிதாக இருந்தது. வைக்கோல்போர் பக்கத்தில் வைத்தபோது சின்னதாக இருந்தது. அப்புறம் என்ன, வைக்கோல்போர் அளவில் ஏதாவது ஒன்றில் வைத்துக் கொண்டுபோனால் சின்ன விளக்காகிவிடும். ஊரிலேயே பெரிய டிராக்டர் டிரெய்லரை இரவல் வாங்கி, காலியான அதன் நட்டநடுவில் விளக்கை வைத்து, ஓட்டுகிற ஊய்க்காட்டானைத் தவிர மற்ற இருவரும் அது பெரிதாகத் தெரிந்துவிடக் கூடாது என்று டிரெய்லரின் ஓரத்தில் தள்ளித் தள்ளி உட்கார்ந்துகொண்டு கரிசலூருக்குப் புறப்பட்டார்கள். கடப்பாரை ஒன்றும் டிரெய்லரிலேயே கிடந்தது. அது டிராக்டர்காரருடையது. அது கிடந்ததும் நல்லதுக்குத்தான் என்று பிறகு தெரிந்தது.

கரிசலூரில் காலையிலேயே சொந்தபந்தம் எல்லாம் புது வீட்டு வாசலில் கூடியிருந்தது. கதவை விரியத் திறந்து வைத்து, யாரும் உள்ளே போகாமல் நிலைப்படிக்கு வெளியே நின்றார்கள். மின்விளக்கு ஒன்றும் போடவில்லை. உள்ளே கூடம் இருட்டாக இருந்தது. ஆவுடையம்மாள் தன் மகள் வீட்டு வெண்கல விளக்கைத் துடைத்து, இடுப்பில் இடுக்கித் தயாராக வைத்திருந்தாள். முப்பிடாதி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிராக்டர் வீட்டுக்குப் பின்பக்கத்து அகலமான வண்டிச் சந்தில் வந்து நின்றது. டிரெய்லர் பெரிது, முன்பக்கத்துத் தெரு சின்னது. வெயிலுமுத்து இறங்கி முன்பக்கம் எட்டிப் பார்த்தான். தங்கச்சியின் முகத்தைப் பார்த்தான், மாமியார் இடுப்பில் இருந்த வெண்கல விளக்கையும் பார்த்தான். திரும்பி ஓடி வந்தான்.

"டே, வாசல்ல போயி விளக்கத் தூக்கிட்டு உள்ள நுழையணும். ஆனா யோசிச்சுப் பாரு. விளக்கு உள்ள போகும்போது அதப் பிடிச்சிருக்க என் வெரலும் கூடவே போகுமே. அது முந்தினதாகாதா?"

தம்பிகள் இருவருக்கும் முகம் செத்துப்போயிற்று. இப்படி ஒரு சிக்கல் இருப்பதை இதுவரைக்கும் உலகத்தில் யாருமே யோசிக்கவில்லை.

"ஆட்டு மேல வச்சு அனுப்புவோம். ஆடு மனுஷன் இல்லல்லா?" என்றான் சுடலைக்கண்ணு.

"ஆட்டுத் தலை விளக்குக்கு முந்திப் போகுமே" என்றான் வெயிலுமுத்து.

"ஆட்டத் திருப்பி விடுவோம். வால் பக்கமா உள்ள போகட்டும்."

"ஆட்டுக்குப் பின்னாடி நடக்கத் தெரியாதுடே. தெரிஞ்சிருந்தா ரெண்டு நாளைக்கு முந்தியே பழக்கியிருப்பேன்."

"உருட்டி விட்டா?"

"எண்ணெ கொட்டிரும். மயிலும் நொறுங்கிப் போகும்."

முன்பக்கமிருந்து ஆவுடையம்மாளின் குரல் கேட்டது. "நல்ல நேரம் முடியப் போவுது. நான் அப்பமே சொன்னேன். ஏளா, விலகு, நான் விளக்க உள்ள வைக்கேன்."

வெயிலுமுத்து அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். சாய்ந்தபோதுதான், தான் சாய்ந்திருப்பது எந்தச் சுவர் என்று அவனுக்கு உறைத்தது. கூடத்தின் பின்சுவர். இதற்கு அந்தப் பக்கம் மாடம். மாடத்துக்கும் தன் முதுகுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் கனம்தான்.

"டே ஊய்க்காட்டான், அந்தக் கடப்பாரைய எடு" என்றான்.

முன்பக்கத்தில் எல்லாருக்கும் டொம் டொம் என்று சத்தம் கேட்டது. வெண்கல விளக்கோடு ஒரு காலைத் தூக்கிய ஆவுடையம்மாள் அப்படியே நின்றாள். "என்னளா, ஒங்க அண்ணன்மார் மேளமெல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்காங்களா?" என்று கேட்டாள். முப்பிடாதிக்கு மேளச் சத்தம் எது, அண்ணன்மார் சத்தம் எது என்று பிறந்ததிலிருந்து தெரியும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பின்பக்கத்தில் வெயிலுமுத்து மிகவும் கவனமாக வேலை பார்த்தான். இடிக்கும்போது செங்கல் உள்ளே விழுந்தால் செங்கல் விளக்கை முந்திவிடும். ஆகவே ஒவ்வொரு செங்கலாக நெம்பி வெளியே இழுத்து டிரெய்லரில் அடுக்கச் சொன்னான். வெயிலும் விளக்கை முந்தக் கூடாது என்று துண்டால் மறைத்து மறைத்தே மாடத்தின் அளவுக்கு ஓட்டை போட்டார்கள். சுடலைக்கண்ணு திரியை ஏற்றினான். மூவருமாக விளக்கைத் தூக்கி, குகை முன்னாலும் மயில் பின்னாலுமாக ஓட்டையில் வைத்துப் பையத் தள்ளினார்கள். மாடத்தில் எடுத்த அளவல்லவா, நெய்யில் கத்தி போகிற மாதிரி போயிற்று. மயில் மட்டும், தோகை ஓட்டைக்குள் அடங்காமல், சுவருக்கு வெளியே நின்றுகொண்டது. ஓரத்தில் இருந்த இண்டு இடுக்கை, மஞ்சள் பையில் இருந்த மண்ணைக் குழைத்துப் பூசி ஊய்க்காட்டான் அடைத்தான். கடைசியில் அளவு சரியாகிவிட்டதில் அவனுக்கு நெஞ்சுக்கூடு நிறைந்தது.

வாசலில் நின்றவர்கள் கண்டதைக் கேளுங்கள். இருட்டான கூடம். ஆள் அரவம் கிடையாது. எதிரே வெறும் மாடம். திடீரென்று அந்த மாடத்துக்குள் ஒரு தீபம், யாரும் கொண்டு வராமல், யாரும் ஏற்றாமல், நகர்ந்து முன்னால் வந்து நின்று எரிந்தது.

ஆவுடையம்மாளின் இடுப்பிலிருந்த வெண்கல விளக்கு ணங்கென்று கீழே விழுந்தது. "எம்மா, தாயே!" என்று கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். பொம்பளைகள் குலவை போட்டார்கள். வேலாண்டி எச்சிலை விழுங்கிக்கொண்டு மாடத்தைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், மறுபடி மாடத்தைப் பார்த்தான். வீடு கட்டினவன் அவன், அந்தச் சுவரின் கனம் அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் அம்மா பெண்டாட்டியின் பிறந்த வீட்டு விளக்கைப் பார்த்துக் கும்பிடுவதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறான். அவனும் கூடச் சேர்ந்து கும்பிட்டான்.

"மனுஷக் கை படாம விளக்கு தானா வந்து ஒக்காந்திருக்கே! எந்த வீட்டுல இப்பிடி நடந்திருக்கு?" என்று சொல்லிக்கொண்டே மருமகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள் ஆவுடையம்மாள். முப்பிடாதிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. எத்தனை நாள் குனிந்த தலை, இன்றைக்குத்தான் நிமிர்ந்தது.

எல்லாரும் உள்ளே போனார்கள். பால் பொங்கியது. பாயசம் கொதித்தது. இலை போடுகிற நேரத்தில்தான் முப்பிடாதிக்கு ஞாபகம் வந்தது. அண்ணன்மார் எங்கே? பாயச வாசனை இத்தனை தூரம் அடித்தும் வராமல் இருக்கிறார்கள் என்றால் ஏதோ விபரீதம்தான். பாயசத் தூக்கும் டம்ளருமாகப் பின்பக்கம் ஓடினாள்.

மூவரும் சுவரை ஒட்டி ஒருவர் பின்னால் ஒருவராக வரிசையில் நின்றார்கள். முன்னால் சுடலைக்கண்ணு, நடுவில் ஊய்க்காட்டான், கடைசியில் வெயிலுமுத்து. அவர்களுக்கு எதிரே சுவரிலிருந்து அந்த மயில் துருத்திக்கொண்டு நின்றது.

"எண்ணே, இங்கன என்ன செய்தீங்க? உள்ள வாங்க."

"வாரதுக்குத்தாம்மா நிக்கோம்" என்றான் வெயிலுமுத்து. "விளக்கு போகட்டும்."

"அதான் போயிட்டே!"

"எங்க போச்சு? பாதி வழியிலயே நின்னுட்டு. பாரு, மயிலு இன்னும் வெளியதான இருக்கு. அது போன வழியாவே, அது பின்னாடியே வரணும், முந்தக் கூடாது, வேற வழியா வரக் கூடாதுன்னு நீதான சொன்ன? அது நகரட்டும். நாங்க பின்னாடியே வந்திருதோம்."

முப்பிடாதி வாயைத் திறந்தாள். வாசல் வழியாக வாங்க என்று சொல்லத்தான் திறந்தாள். ஆனால் இவர்களிடம் இன்னும் ஒன்றைப் புதிதாகச் சொல்வதை நினைத்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. டிரெய்லரில் அடுக்கியிருந்த செங்கல்களைப் பார்த்தாள், கடப்பாரையைப் பார்த்தாள், நெற்றியெல்லாம் செங்கல் தூளோடு நிற்கிற பெரிய அண்ணனைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆளுக்கு ஒரு டம்ளர் பாயசம் ஊற்றிக் கொடுத்தாள். வரிசை கலையாமல் குடித்தார்கள்.

குடித்து முடித்து, மயில் எப்போது நகரும் என்று தெரியாததால், அதையாவது தயவாகக் கேட்டுப் பார்ப்போம் என்று மூவரும் கை குவித்து நின்றார்கள்.

மருமகளைத் தேடிக்கொண்டு ஆவுடையம்மாள் வந்தாள். சுவரைப் பார்த்தாள். உள்ளே தானாகத் தீபம் தோன்றிய அதே இடத்தில், வெளியே ஒரு மயில் முளைத்திருந்தது. அதற்கு எதிரே மூன்று பேர் கும்பிட்டு நிற்கிறார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. போய் வெயிலுமுத்துவுக்குப் பின்னால் நின்று கை குவித்துக்கொண்டாள். சாப்பிட உட்கார்ந்தவர்கள் சேதி கேட்டு இலையை விட்டு எழுந்து ஒவ்வொருவராக வந்தார்கள். வரிசை சந்து முனை வரைக்கும் நீண்டது. புது வீட்டுக்குள் ஒரு ஆள் பாக்கி இல்லை.

வெயிலுமுத்து திரும்பிப் பார்த்தான். இத்தனை பேரும் முறை தெரிந்தவர்களாக, விளக்கை முந்தாமல், அதன் பின்னாடியே போவதற்காக நிற்பதைப் பார்த்து அவனுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

"பொறுமையா நில்லுங்க அத்தை. இந்த மயிலு மட்டும் நகந்துட்டா எல்லாரும் உள்ள போயிரலாம்" என்றான்.

முன்னால் நின்ற சுடலைக்கண்ணு மயிலின் காதோரம் குனிந்தான். "ஒண்ணும் அவசரமில்ல மயிலு" என்றான் மெதுவாக. "இருட்டுறதுக்குள்ள போயிட்டாப் போதும். இருட்டிட்டா இவங்கல்லாம் ஒன் அழகப் பாக்கணும்னு கண்ண மூடிக்கிடுவாங்க, அப்புறம் நீ போனதே ஒருத்தருக்கும் தெரியாது."